எஞ்சினை மாத்தலாமா மச்சான்?

உங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு கார் பைத்தியம் நிச்சயமா இருப்பார். எல்லாரும் சுவர்ல நடிகை படம் ஒட்டினா, அவர் நிஸ்ஸான் ஸ்கைலைனை ஒட்டியிருப்பார். தூக்கத்துலகூட ஜப்பான் எஞ்சின் நம்பரா உளறுவார். (அது நீங்களேதானா? கையைக் கொடுங்க பாஸ்!) அவர்கிட்ட எந்தப் பழைய காரைக் காட்டினாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார். "இருக்கிற எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டு மச்சி... பறக்கும்!"

பறக்குமா? அதைப் பத்தித்தான் இந்த வாரம் பேசப் போறோம்.

எனக்கு இது சும்மா அரட்டை மேட்டர் இல்லை. திண்டிவனத்துல என் மாமா வீட்டு ஷெட்டுல ஒரு வெள்ளை கான்டெஸா நிக்குது. 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் எஞ்சின். மயிலம், விக்கிரவாண்டி, விழுப்புரம்னு சுத்துவட்டாரத்துல எங்க சொந்தக்கார மாப்பிள்ளைகள் எல்லாரும் அதுல உட்கார்ந்துதான் மண்டபத்துக்குப் போனாங்க. கொஞ்ச நாளா அந்த வண்டி நீலமா புகை விட ஆரம்பிச்சது. ஆயில் குடிச்சது. லாரியை ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா, "யோசிச்சு சொல்றேன்"னு சொல்ற மாதிரி இழுத்தது.

பி.காம். படிக்கிற மாமா பையன் உடனே களத்துல குதிச்சான். சென்னையில ஒரு ஒர்க்‌ஷாப்புல விசாரிச்சுட்டு வந்தான். டொயோட்டாவோட 2.5 லிட்டர் டர்போ எஞ்சின், ஆறு சிலிண்டர், ஜப்பான்ல 280 குதிரைத் திறனுக்கு விற்பனையான சமாச்சாரம். மாட்டிக் கொடுக்க ஏழு லட்சம்!

மாமா பிள்ளை ஆசைன்னா மறுக்கத் தெரியாதவர். மல்லாட்டை போடுற முக்கால் ஏக்கரை அடமானம் வைக்கலாம்னு முடிவே பண்ணிட்டார். கடைசியா என்கிட்ட, "மெக்கானிக்கல் படிச்சவன் நீதான் மாப்ள. நீ சரின்னா சரி"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். என் ஒரு வார்த்தையில முக்கால் ஏக்கர்! அதனால பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்தேன். அன்னிக்குப் போட்ட கணக்கைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டுல பிறந்த சோகம்

திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் சென்னையோட சேர்க்கிற ஜி.எஸ்.டி. ரோட்டுல எத்தனை தடவை பஸ்ல போயிருப்பீங்க? இந்தியாவோட பிரபலமான எஞ்சின் மாற்றக் கதை ஒண்ணு இதே ரோட்டுல, வண்டலூர் பக்கம் நடந்தது. அங்கேதான் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தது. உங்க தாத்தாவைக் கேட்டுப் பாருங்க... ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கஸெல்னு கண்ணு மின்னச் சொல்வார்.

1985-ல அந்த கம்பெனி 'ஸ்டாண்டர்ட் 2000'னு ஒரு காரைக் கொண்டுவந்தது. உடம்பு சாதாரண உடம்பு இல்லை. இங்கிலாந்தோட ரோவர் எஸ்.டி.1! 1976-ல அறிமுகமாகி, 1977-க்கான 'ஐரோப்பாவின் சிறந்த கார்' பட்டம் வாங்கினது. அங்கே அதோட பானெட்டுக்குள்ள 3.5 லிட்டர் வி8 எஞ்சின் உறுமிச்சு. 155 குதிரை.

நம்ம ஊர்ல? கம்பெனி ஏற்கெனவே தயாரிச்சுக்கிட்டிருந்த பழைய எஞ்சினை உள்ளே வெச்சாங்க. ஸ்டாண்டர்ட் வேங்கார்டு காலத்து டிசைன், 1991 சி.சி., சுமார் 83 குதிரை. கிட்டத்தட்ட பாதி பலம்! பார்த்தா பயில்வான், படி ஏறினா மூச்சிரைப்பு. விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகமா குடிச்சது. 1988-லயே தயாரிப்பு நின்னுபோச்சு.

"சரி, எஞ்சின் மட்டம். அதான் தோத்துப்போச்சு"னுதானே நினைக்கிறீங்க? அங்கேதான் ட்விஸ்ட்.

இதே எஞ்சின் குடும்பம்தான் இங்கிலாந்துல ஃபெர்குசன் டிராக்டருக்குள்ள உழுதது. 1953-ல வந்த ட்ரயம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காருக்குள்ளயும் அதே குடும்பம்தான். அதே 1991 சி.சி.! அதுல 90 குதிரை வரைக்கும் தட்டி எழுப்பினாங்க. டி.ஆர்.2 ஒரு டன்னுக்கும் குறைவான குட்டி கார். மணிக்கு 100 மைலைத் தாண்டி ஓடிச்சு. அந்தக் காலத்துல அது பெரிய ஸ்பீடு.

ஆக, ஒரே குடும்பத்து எஞ்சின். டிராக்டர்ல உழைப்பாளி, சின்ன கார்ல ஹீரோ, பெரிய கார்ல காமெடியன். எஞ்சின்ல நல்லது கெட்டதுன்னு ஒண்ணு இல்லைங்க. எந்த உடம்புல போய் உட்காருதுங்கிறதுதான் மேட்டர். ஜாதகம் பார்க்கிறவங்க மன்னிக்கணும், இந்தப் பொருத்தத்தை மட்டும் நான் நம்புறேன்.

ஜெயிச்ச பொருத்தம்

தோத்த கதை சொன்னா, ஜெயிச்ச கதையும் சொல்லணுமே. அது எங்க மாமா கான்டெஸாவேதான்!

கான்டெஸாவோட உடம்பு இங்கிலாந்தோட வாக்ஸால் விக்டர் வம்சம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980-களோட தொடக்கத்துல அதை இங்கே கொண்டுவந்தப்போ, அம்பாசடர்ல இருந்த அதே 1.5 லிட்டர் எஞ்சினை உள்ளே வெச்சாங்க. சுமார் 50 குதிரை. அகலமான பானெட், நீளமான உடம்பு, வில்லன் மாதிரி முகம்... ஓட்டினா அம்பாசடர்! ரோட்டுல போறவங்க திரும்பிப் பார்ப்பாங்க, அவங்க திரும்பிப் பார்த்து முடிக்கிற வரைக்கும் வண்டி அங்கேயேதான் இருக்கும்.

1980-களோட பிற்பகுதியில கம்பெனியே எஞ்சினை மாத்தினது. ஜப்பானோட இசுஸு 1.8 லிட்டர், 88 குதிரை, கூடவே அஞ்சு கியர். வண்டி தலைகீழா மாறிடுச்சு. அதுக்கப்புறம்தான் கான்டெஸாவுக்கு 'இந்தியாவின் மஸில் கார்'ங்கிற பேரே ஒட்டிச்சு. அந்த உடம்பு அதுவரைக்கும் ஒரு நல்ல எஞ்சினுக்காகக் காத்துக்கிட்டு இருந்தது. 1990-களோட தொடக்கத்துல அம்பாசடருக்கும் இசுஸு 1.8 எஞ்சின் கிடைச்சது.

இங்கே ஒண்ணைக் கவனிங்க. இசுஸு வந்தப்போ எஞ்சின் மட்டும் தனியா வரலை. கியர்பாக்ஸும் சேர்ந்து வந்தது. கம்பெனி இன்ஜினீயர்கள் உட்கார்ந்து, பொருத்திப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, சர்டிஃபிகேட் வாங்கி வித்தாங்க. நம்ம ஷெட்டுல செயின் பிளாக் கட்டி எஞ்சினை இறக்குறதுக்கும் அதுக்கும் வித்தியாசம் இருக்கா, இல்லையா?

ஒரே ஒரு வகுத்தல் கணக்கு

சி.சி., குதிரை, டர்போன்னு குழம்பாதீங்க. கார் எவ்வளவு துள்ளும்னு தெரிஞ்சுக்க ஒரு சின்ன வகுத்தல் போதும். குதிரைத் திறனை எடையால வகுங்க. ஒரு டன் எடையை இழுக்க எத்தனை குதிரைன்னு வந்துடும்.

பழைய 1.5 கான்டெஸா: 50 குதிரை, எடை சுமார் 1.2 டன். டன்னுக்கு 42.

மாருதி 800: 37 குதிரை, எடை சுமார் 0.65 டன். டன்னுக்கு 57.

இசுஸு கான்டெஸா: 88 குதிரை, அதே 1.2 டன். டன்னுக்கு 73.

பார்த்தீங்களா? எல்லாரும் 'தீப்பெட்டி'ன்னு கிண்டல் பண்ற மாருதி 800, பழைய கான்டெஸாவை ஓரம் கட்டிடும்! எஞ்சினைத் தொடாமலே காரை வேகமாக்க முடியும், எடையைக் குறைச்சா போதும். இதைப் புரிஞ்சுக்கிட்டவர் கோயம்புத்தூர் கரிவர்தன். 'ஃபார்முலா மாருதி'ன்னு வந்த ரேஸ் காருக்குள்ள இருந்தது சாட்சாத் மாருதி 800 எஞ்சின்தான். எலும்புக்கூடு மாதிரி லேசான சேஸிஸ்ல அதை வெச்சதும் ரேஸ் கார் ரெடி! ஸ்ரீபெரும்புதூர் டிராக்ல அந்த காரை ஓட்டிக் கத்துக்கிட்ட ஒரு பையன், 2005-ல இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் ஆனார். நரேன் கார்த்திகேயன்!

இப்போ மாமா பையனோட கனவுக்கு வருவோம். 280 குதிரையை 1.2 டன்னால வகுத்தா 233. இருக்கிறதைவிட மூணு மடங்குக்கு மேல! "பார்த்தியா மச்சான்... நானே சொல்லலை?"ன்னு துள்ளிக் குதிச்சான்.

"இருடா... இன்னும் பில் வரலை"ன்னேன்.

பின்னாடியே வரும் பில்

ஒர்க்‌ஷாப்காரங்க சொல்ற ரேட்டுல முதல் வரி எஞ்சின். அதுக்குக் கீழே எழுதாம விட்ட வரிகள்தான் ஆளைக் கவுக்கும். வரிசையா பார்ப்போமா?

எஞ்சினைத் தாங்குற மவுன்ட் புதுசா வெல்டு பண்ணணும். அது ஒரு சென்டிமீட்டர் தப்பினாலும் வண்டி முழுக்க அதிரும். நாலு சிலிண்டர் இருந்த இடத்துல ஆறு சிலிண்டர் நீளமா உட்காரும்போது ரேடியேட்டர் முன்னாடி நகரணும். 88 குதிரையோட சூட்டைத் தணிக்க வெச்ச ரேடியேட்டர், 280 குதிரைக்குக் கஞ்சித் தொட்டி மாதிரிதான், அதையும் மாத்தணும்.

பழைய கியர்பாக்ஸ் புது இழுவைக்குத் தாங்காது, அதனால கியர்பாக்ஸ். கியர்பாக்ஸ் மாறினா கிளட்ச். நீளம் மாறினதால ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டி பேலன்ஸ் பண்ணணும். அந்த ஷாஃப்ட் போய்ச் சேர்ற டிஃபரன்ஷியல் 1980-கள் டிசைன். டர்போ உதைக்கும்போது முதல்ல உடையறது அதுவாத்தான் இருக்கும்.

பெட்ரோல் லைன் இன்னொரு தலைவலி. கார்புரேட்டர் வண்டிக்கு அஞ்சு பி.எஸ்.ஐ. அழுத்தமே தாராளம். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு 40 பி.எஸ்.ஐ. பக்கம் வேணும். ஆக, புது பம்ப், புது பைப், டேங்குல மாற்றம். அப்புறம் எஞ்சினோட மூளையான கம்ப்யூட்டர், வயரிங். ஒரே ஒரு சென்சார் ஒயர் அறுந்தா, ராத்திரி பத்து மணிக்கு ஒலக்கூர் பக்கம் வண்டி நின்னுடும். எந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவீங்க? அந்த ஒயரை இழுத்தவர் சென்னையில தூங்கிக்கிட்டிருப்பார்!

இதையெல்லாம் கூட்டினப்போ ஏழு லட்சம் பத்தைத் தாண்டி நடந்து போய்க்கிட்டே இருந்தது. முக்கால் ஏக்கர் பத்தலை.

ஓடறது ஈஸி... நிக்கணுமே?

பணம் போனா சம்பாதிச்சுக்கலாம். எனக்கு வயித்தைக் கலக்கினது வேற கணக்கு.

ப்ளஸ் டூ ஃபிஸிக்ஸ் ஞாபகம் இருக்கா? இயக்க ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80 கிலோமீட்டர் வேகத்துல போற கார் 120-க்குப் போனா வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனா நிறுத்துறதுக்கு பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு! அத்தனையும் சூடா மாறி பிரேக்லதான் இறங்கும். ஒரு தடவை நிறுத்தினா தாங்கும். அடுத்தடுத்து ரெண்டு மூணு தடவை அழுத்தினா, பெடல் இருக்கும், பிரேக் இருக்காது.

திண்டிவனத்துல இருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். ரோடு என்னவோ பளபளன்னு நாலு வழிச் சாலைதான். ஆனா நடுவுல என்னென்ன வரும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். கரும்பு டிராக்டர் ராங் சைடுல வரும். மீடியன் இடைவெளியில டி.வி.எஸ். ஃபிஃப்டி எட்டிப் பார்க்கும். ஆடு மேய்க்கிற பாட்டி, "நீ நில்லுடா"ன்னு கையைக் காட்டிட்டு மந்தையோட நடப்பாங்க. பொங்கல், தீபாவளின்னா விக்கிரவாண்டி டோல்கேட்டுல வண்டி வரிசை எங்கே முடியுதுன்னு கடவுளுக்கே தெரியாது. இதுல 280 குதிரையை எங்கே மேய்க்கிறது?

எஞ்சினுக்கு ஒரு ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி பிரேக், டயர், சஸ்பென்ஷனுக்குச் செலவு பண்ணணும். ரேஸ் ஓட்டுறவங்க எல்லாரும் இதே வரிசையிலதான் போவாங்க. நம்ம பசங்க மட்டும் தலைகீழா ஆரம்பிப்போம், ஏன்னா பிரேக்குக்கு சவுண்டு வராது பாருங்க!

ஆர்.சி. புக் என்ன சொல்லுது?

அடுத்து, சட்டம். போரடிக்கும்தான், ஆனா தாண்டிப் போயிடாதீங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல பிரிவு 52-னு ஒண்ணு இருக்கு. ஆர்.சி.யில இருக்கிற விவரம், கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரத்தோட வேறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு அது சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தமா சொல்லிடுச்சு. அதே வருஷம் திருத்தின சட்டப்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டுமே.

"யாரு மச்சான் பானெட்டைத் திறந்து பார்க்கப் போறா?"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி! ஆனா சொந்த கார்களுக்கு 15 வருஷம் முடிஞ்சதும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் சரிபார்ப்பாங்க. அந்த நாள்ல ஜப்பான் நம்பரைக் காட்டி என்ன சொல்வீங்க? அதைவிடப் பெரிய ஆபத்து இன்ஷூரன்ஸ். கம்பெனிக்குச் சொல்லாம எஞ்சினை மாத்திட்டு ஓட்டுறீங்க. ஒரு விபத்து. யாருக்கோ அடி. "இந்த வண்டிக்கா பாலிசி கொடுத்தோம்?"னு அவங்க கேட்டா, முக்கால் ஏக்கரோட வீடும் சேர்ந்து போகும்.

அப்போ எஞ்சினையே மாத்தக் கூடாதா? மாத்தலாம். அதே கம்பெனி, அதே வகை எஞ்சினை ஆர்.டி.ஓ. அனுமதியோட மாத்தி, புது நம்பரை ஆர்.சி.யில ஏத்திக்கலாம். கேஸ், பேட்டரின்னு வேற எரிபொருளுக்குப் போறதுக்கும் அங்கீகாரம் வாங்கின கிட் மூலமா வழி இருக்கு. ரேஸ் டிராக்ல மட்டும் ஓடுற வண்டின்னா கதையே வேற. அங்கே ரேஸ் நடத்துறவங்களோட விதிமுறைதான் பேசும்.

நோயைப் பார்க்காம மருந்தா?

இவ்வளவு கணக்குக்கு அப்புறம் ஒரு அடிப்படைக் கேள்வி பாக்கி இருந்தது. இருக்கிற எஞ்சினுக்கு என்னதான் நோவு?

திண்டிவனத்துல மாமா வழக்கமா வண்டி விடுற மெக்கானிக் அண்ணன்கிட்ட ரெண்டு பேரும் போனோம். அம்பாசடர் காலத்து ஆள். எஞ்சின் மாத்துற பேச்சை முழுசா கேட்டுக்கிட்டார். "என்னா தம்பி, தலைவலின்னு வந்தா தலையை மாத்துவீங்களா?"ன்னு மட்டும் கேட்டுட்டு, கம்ப்ரஷன் கேஜை எடுத்தார்.

இந்த டெஸ்ட்டை நீங்க அவசியம் தெரிஞ்சுக்கணும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போதும் உதவும். எஞ்சினை நல்லா சூடாக்கணும். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழட்டணும். இக்னிஷன் கனெக்‌ஷனை எடுத்து விட்டுட்டு, ஒரு பிளக் ஓட்டையில கேஜை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டே ஸ்டார்ட்டர்ல நாலஞ்சு சுத்து சுத்தணும். முள் எங்கே நிக்குதோ, அதுதான் அந்த சிலிண்டரோட நாடித் துடிப்பு. நாலு சிலிண்டருக்கும் எண்கள் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கணும்.

எங்க வண்டியில 135, 130, 128... மூணாவது சிலிண்டர்ல மட்டும் 85!

அண்ணன் அந்த ஓட்டையில ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை ஊத்தி மறுபடி சுத்தினார். 85, 120 ஆச்சு. "ஆயில் ஊத்தினா ஏறுது பாருங்க தம்பி. ரிங்கும் போரும் தேஞ்சிருக்கு. ஏறலைன்னா வால்வு. நாலையும் ரீபோர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, பேரிங் மாத்தினா, உங்க மாமா பேரன் கல்யாணம் வரைக்கும் ஓடும்"னார்.

"நீங்களே எஞ்சின் மாத்திக் கொடுங்கண்ணே"ன்னு மாமா பையன் கடைசி அஸ்திரத்தை விட்டான். அந்த வேலையை எடுத்திருந்தா அவருக்கு ஒரு பெரிய தொகை நின்னிருக்கும். அவர் கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார். "மாட்டலாம் தம்பி. ஆனா நான் மாட்டின வண்டியில நீ போற. நீ வீடு சேர்ந்தியான்னு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது." அவன் அதுக்கப்புறம் பேசலை. நூறு வீடியோ சொல்லிக் கொடுக்காததை அந்த ஒரு வரி சொல்லிடுச்சு.

எப்போதான் மாத்தலாம்?

நான் எஞ்சின் மாத்துறதுக்கே எதிரின்னு நினைச்சுடாதீங்க. சில இடங்கள்ல அது சரியான முடிவுதான். இந்த நாலு கேள்வியை உங்களையே கேட்டுப் பாருங்க.

ஒண்ணு: பழைய எஞ்சின் நிஜமாவே செத்துடுச்சா? பிளாக் விரிசல் விட்டு, சரிபண்ண வழியே இல்லைன்னா, மாத்துறதைத் தவிர வேற வழியில்லை. நம்ம ஊர் அரசு பஸ்களுக்கும் அதே மாடல்ல ரீகண்டிஷன் பண்ணின எஞ்சினை மாட்டி அனுப்புறது வழக்கம்தானே?

ரெண்டு: புதுசு அதே குடும்பமா? மாருதி ஸென்னோட 1.0 லிட்டர் எஞ்சினும், எஸ்டீமோட 1.3 லிட்டரும் சுஸுகியோட 'ஜி' வரிசை. அண்ணன் தம்பி. அதனாலதான் ரேஸ், ராலி வட்டாரத்துல '1.3 ஸென்' ரொம்பப் பிரபலம். சின்ன உடம்பு, கொஞ்சம் பெரிய எஞ்சின், வெட்டு ஒட்டு கம்மி. அதையும் டிராக்ல ஓட்டினா ஜாலி, பப்ளிக் ரோட்டுல ஓட்டினா முன்னாடி சொன்ன பிரிவு 52 காத்துக்கிட்டு இருக்கு.

மூணு: பிரேக், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், டயர் எல்லாத்துக்கும் பட்ஜெட்ல இடம் இருக்கா? எஞ்சின் விலை அளவுக்கு இன்னொரு பங்கு பணம் தனியா இல்லைன்னா, தொடாதீங்க. பாதியில நின்ன ப்ராஜெக்ட் கார்கள் ஊர் ஊருக்கு ஷெட்டுல கோழிக்கூண்டா இருக்கு!

நாலு: ஆர்.சி.யில ஏத்த முடியுமா? முடியாதுன்னா, அந்த வண்டி ரோட்டுக்கு இல்லை. அவ்வளவுதான்.

நாலுக்கும் 'ஆமாம்'னா, தாராளமா செயின் பிளாக்கைத் தூக்குங்க. எங்க கான்டெஸாவுக்கு நாலுக்குமே 'இல்லை'.

அதனால மாமாகிட்ட என் தீர்ப்பைச் சொன்னேன். "எஞ்சின் வேணாம் மாமா. இதையே பிரிச்சுக் கட்டுவோம்." புதுப்பேட்டையில ரெண்டு நாள் அலைஞ்சு பிஸ்டன் செட் பிடிச்சோம். போரிங் வேலை விழுப்புரம் லேத்துல முடிஞ்சது. ரேடியேட்டர் சுத்தம் பண்ணி, பிரேக்கை முழுசா புதுப்பிச்சு, நாலு டயரும் போட்டோம். எல்லாம் சேர்த்து ஒண்ணேகால் லட்சம். அடமானம் இல்லை, மாமா சேமிப்புலயே முடிஞ்சது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் பொறுமையா ஓட்டி, ஆயில் மாத்தினதும், "இப்போ மிதிச்சுப் பாருங்க"ன்னார் அண்ணன்.

மாமா பையன்தான் ஓட்டினான். மயிலம் கூட்டுரோடு தாண்டி ஒரு லாரி. நாலாவது கியர்ல மிதிச்சான். வண்டி யோசிக்கலை, வழுக்கிக்கிட்டுத் தாண்டிச்சு. 88 குதிரையும் இத்தனை வருஷமா உள்ளேதான் இருந்திருக்கு, மூணாவது சிலிண்டர்ல மாட்டிக்கிட்டு!

அவன் இன்னும் முழுசா சமாதானம் ஆகலை. "வேலைக்குப் போனதும் ஒரு ஸென் வாங்கி, 1.3 மாட்டி, ஸ்ரீபெரும்புதூர்ல ஓட்டுவேன்"னு சொல்லிக்கிட்டு இருக்கான். ஓட்டட்டும். சொந்தக் காசு, டிராக், தலையில ஹெல்மெட்... எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. முதல் ஆளா போய் விசில் அடிப்பேன்.

உங்க ஷெட்டுலயும் ஒரு பழைய ஸென்னோ, எஸ்டீமோ, அப்பாவோட பத்மினியோ நிக்குதா? ஜப்பான் எஞ்சின் விலையைத் தேடறதுக்கு முன்னாடி ஒரு கம்ப்ரஷன் கேஜை இரவல் வாங்குங்க. நாலு சிலிண்டருக்கும் நாலு எண்ணை ஒரு பேப்பர்ல எழுதுங்க. குறைச்சல் எங்கேன்னு தெரிஞ்சபிறகு, எவ்வளவு பெரிய கனவு வேணும்னாலும் காணலாம் பாஸ்... அப்பா நிலத்தை அடமானம் வைக்காம!